வெட்டுமுன் வேரைப் பார்ப்பார்கள்

“ஆறு மாசம்னா, எந்தத் தேதியில இருந்து பாப்பா?”

பெரியப்பா இதைக் கேட்டது கண்டியிலிருந்து ஹட்டன் வரும் பஸ்ஸில், கினிகத்தேனை தாண்டி வளைவுகள் தொடங்கும் இடத்தில். 2018 நவம்பர். மடியில் கிளினிக் கொப்பி, அதற்குள் நாலாக மடித்த ஸ்கேன் ரிப்போட். ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். ஈரலில் கட்டி, அது புற்றுநோய், இரத்தக் குழாய்க்குள்ளும் போய்விட்டது, வெட்டி எடுக்க முடியாது, ஆறு மாதம். டொக்டர் ஒரே மூச்சில் சொன்னதை நான் ஐந்து துண்டாக்கிச் சொன்னேன். கடைசித் துண்டை விழுங்கிவிடலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை. எத்தனை நாள் என்று சொல்லியே ஆக வேண்டும் என்றார்.

நாள் கணக்கில் அவரை ஏமாற்ற முடியாது. முப்பத்தெட்டு வருடம் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பேர் இருந்த மனிதர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். வீட்டுக் காம்பராச் சுவரில் கரித்துண்டால் தன் கணக்கைத் தானே கோடு போட்டு வைப்பார். மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளை சொல்லும் பேரும் சுவரில் இருக்கிற கோடும் ஒத்து வராவிட்டால் ஆபீசுக்குப் போய் நின்றுவிடுவார். அப்படிப்பட்டவரிடம் “ஆறு மாசம்” என்றால் தேதி கேட்கத்தானே செய்வார்?

அவர் பதினாலு மாதம் இருந்தார்.

வார்ட்டில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் பதுளைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அதே வருத்தம், ஏறக்குறைய அதே வயசு, கொப்பியில் அதே நிலை. அவருக்கும் ஆறு மாதம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் முடியவில்லை, அவர் மகளிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

ஒரே நோய், ஒரே நிலை, ஒருவருக்கு மூன்று மாதம், இன்னொருவருக்கு பதினாலு. இந்த வித்தியாசம் எங்கே இருந்தது? இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், அதற்கு முன் பேராதனையில் படித்து முடித்து ஒரு வருடம் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். டொக்டர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தை ஆறேழு வருடமாக வாசித்து வருகிறேன். எனக்குப் புரிந்ததை எங்கள் மலைநாட்டுத் தமிழில் எழுதி வைக்க ஆசை.

முதலில் அந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஈரல் புற்றுநோயின் நிலையைச் சொல்ல உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது பார்சிலோனா முறை. 1999-இல் வந்தது. கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரிது, இரத்தக் குழாய்க்குள் போயிருக்கிறதா, ஈரல் எந்த அளவுக்கு வேலை செய்கிறது, ஆள் எழுந்து நடமாடுகிறாரா என்பதையெல்லாம் பார்த்து 0, ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போடுவார்கள். பெரியப்பாவுக்கு சி. பெரும்பாலும் அந்த நிலையில் உள்ளவர்களை வைத்துத்தான் சொராஃபெனிப் என்ற மாத்திரையின் பெரிய பரிசோதனை நடந்தது. 2008-இல் வெளியான அதன் முடிவில், மாத்திரை எடுத்தவர்களின் ஆயுள் 10.7 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 7.9 மாதம். இந்த எண்கள் இடையம். பள்ளிக்கூடக் கணக்கில் வரும் அதே இடையம்தான்: பாதிப்பேர் அதற்கு முன்னாலேயே போய்விட்டார்கள், பாதிப்பேர் அதைத் தாண்டி இருந்தார்கள். டொக்டர் சொன்ன ஆறு மாதமும் இப்படி ஒரு கூட்டத்தின் நடுப்புள்ளி. பெரியப்பா கேட்டதோ தன் ஒருவனுடைய கணக்கை.

கூட்டத்தின் கணக்கிலிருந்து ஒருவருடைய கணக்குக்குப் போக வழி உண்டா என்ற கேள்வியில்தான் மரபணு வெளிப்பாடு வருகிறது.

இதை வகுப்பில் விளக்க எனக்குத் தேயிலையை விட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் வீபி தேயிலை தெரியும். ஒரு நல்ல தாய்ச்செடியிலிருந்து தண்டு வெட்டி நேசரியில் வளர்த்து நடுவது. தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டிஆர்ஐ 2025 போன்ற வகைகள் மலை மலையாக நிற்கின்றன. ஒரு மலையில் நிற்கும் அத்தனை செடிக்கும் ஒரே மரபணு. சரி, அப்படியானால் தை மாசியில் காய்ந்த காற்று அடிக்கும்போது டிம்புள்ளப் பக்கத்துத் தேயிலைக்கு வருகிற வாசம் ஐப்பசி மழையில் ஏன் வருவதில்லை? ஊவாவில் ஆடி ஆவணிக் கச்சான் காற்றில் மட்டும் அந்த மருந்து வாசம் ஏன் ஏறுகிறது? செடி மாறவில்லை, மரபணு மாறவில்லை. எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பது மாறியிருக்கிறது.

ஈரலும் அப்படித்தான். நம் உடம்பின் அனேகமாக ஒவ்வொரு கலத்திலும் (இந்திய வாசகர்கள் செல் என்பார்கள்) புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. கண்ணில் இருக்கும் கலத்திலும் ஈரலில் இருக்கும் கலத்திலும் அதே புத்தகம்தான், திறந்திருக்கும் பக்கம்தான் வேறு. ஈரல் கலம் அல்புமின் என்ற புரதத்தைச் செய்யும் பக்கத்தை ராப்பகலாகப் படித்துக்கொண்டே இருக்கும். ஒரு மரபணு வேலை செய்யும்போது அதைப் பார்த்து எழுதிய சின்னச் சின்னப் பிரதிகள் கலத்துக்குள் கிடக்கும். அதுதான் தூது ஆர்என்ஏ. எந்த மரபணுவுக்கு எத்தனை பிரதி கிடக்கிறது என்று எண்ணினால் அந்தக் கலம் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிடும். மரபணு வெளிப்பாட்டை அளப்பது என்றால் இவ்வளவுதான்.

புதிய சங்கதி போலத் தோன்றும், ஆனால் இதன் ஒரு துண்டு ஏற்கெனவே கிளினிக்கில் இருக்கிறது. ஈரல் நோயாளிகளுக்கு ஏஎஃப்பி என்று ஒரு இரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அல்ஃபா ஃபீட்டோ புரதம். தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ஈரல் செய்யும் புரதம் அது. பிறந்தபின் அந்தப் பக்கத்தை ஈரல் மூடிவிடும். பல ஈரல் புற்றுநோய்களில் அது திரும்பவும் திறந்துகொள்கிறது. அறுபது வயது மனிதரின் ஈரலில் ஒரு மூலை மட்டும் கருவில் இருந்தபோது செய்த வேலையை மறுபடி செய்யத் தொடங்குகிறது. பெரியப்பாவின் ரிப்போட்டில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆர்என்ஏயைக் கையில் எடுப்பது லேசான வேலை இல்லை. நான் எடுத்தது தேயிலைக் கொழுந்திலிருந்து. திரவ நைதரசனில் கொழுந்தை உறைய வைத்து, உரலில் போட்டு மாவாக இடிக்க வேண்டும். உருகவே விடக்கூடாது. நம் விரலிலும் எச்சிலிலும் இருக்கும் நொதியங்கள் ஆர்என்ஏயைக் கண நேரத்தில் தின்றுவிடும், அதனால் கையுறை, முகமூடி, வாயே திறக்கக்கூடாது. தேயிலைக்கென்று இன்னொரு கஷ்டம். தேநீருக்குத் துவர்ப்புக் கொடுக்கும் அதே பொருள்கள் ஆர்என்ஏயோடு ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மண்ணிறமாக்கிவிடும். குழாயின் அடியில் வெள்ளையாகப் படிய வேண்டியது காய்ந்த சாயம் போல் கிடக்கும். முதல் இரண்டு மாதம் எனக்குக் கிடைத்தது அந்தச் சாயம்தான். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் புள்ளி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆர்என்ஏ இவ்வளவு சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், சத்திரசிகிச்சை நடந்த உடனேயே தசையை உறைய வைக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் ஆரம்ப ஆய்வுகள் நடந்தன. 2003-இல் ஜப்பானில் ஈசுகா என்பவரின் குழு, ஈரல் கட்டி வெட்டப்பட்ட 60 பேரை எடுத்துக்கொண்டது. 33 பேரின் கட்டிகளிலிருந்து 12 மரபணுக்களைப் பொறுக்கி, மீதி 27 பேரில் யாருக்குக் கட்டி சீக்கிரம் திரும்பி வரும் என்று கணித்தார்கள். 25 பேருக்குச் சரியாக வந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் லீயும் தோர்கெய்ர்சனும் 91 கட்டிகளை அளந்தபோது அவை தாமாகவே இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஒரு கூட்டம் அதிக நாள் வாழ்ந்தது, மற்றது குறைவாக. கட்டியே தன் நாளைச் சொல்லும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள்.

2008-இல் வந்த கட்டுரைதான் என்னை உட்கார வைத்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஹோஷிடாவும் கூட்டாளிகளும் எழுதியது. அவர்கள் உறைய வைத்த தசையைத் தேடவில்லை. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடக்கும் மெழுகுப் புளொக்குகளைக் கையில் எடுத்தார்கள். வெட்டிய தசையைப் போமலினில் ஊறவைத்து மெழுகில் புதைத்து வைப்பார்கள் அல்லவா, அது. அதில் ஆர்என்ஏ துண்டு துண்டாக நொறுங்கிப் போயிருக்கும், ஒன்றுக்கும் ஆகாது என்றுதான் பலரும் விட்டிருந்தார்கள். நொறுங்கின துண்டையும் எண்ணக்கூடிய ஒரு முறையில் 6,000-க்கு மேற்பட்ட மரபணுக்களை அளந்தார்கள். 24 வருடம் வரை அலமாரியில் கிடந்த புளொக்குகள் அவை. 100-க்கு 90 புளொக்கில் நல்ல அளவு கிடைத்தது.

சரி, கட்டி என்ன சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. கட்டியின் மரபணு வெளிப்பாட்டுக்கும் நோயாளி வாழ்ந்த நாளுக்கும் நம்பத்தக்க தொடர்பு எதுவும் அந்த ஆய்வில் கிடைக்கவில்லை. அப்புறம் கட்டியைச் சுற்றி இருந்த ஈரலை அளந்தார்கள். கட்டியோடு சேர்த்து வெட்டப்பட்ட, பார்க்க நன்றாக இருந்த, யாரும் கவனிக்காத பக்கத்து ஈரல். அது சொன்னது. 82 ஜப்பானிய நோயாளிகளில் 186 மரபணுக்கள் நாளைப் பிரித்துக் காட்டின. 113 நல்ல பக்கம், 73 கெட்ட பக்கம். பிறகு அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த வேறு 225 பேரில் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது.

நான் முதலில் வாசித்தபோது ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று திரும்ப மேலே போய்ப் படித்தேன். கொல்வது கட்டி, நாளைச் சொல்வது பக்கத்து ஈரலா?

இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா பெரியப்பாவுக்கு நேர் இளையவர். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் அவர் கைக்கு அந்தக் காலத்தில் தோட்டத்தில் பேர் இருந்தது. நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

“வெட்டுமுன்ன வேரப் பாப்பாங்கல்ல? அது மாதிரிதானே?”

எனக்கு அதுவரை அந்த நினைப்பே வரவில்லை. தேயிலையை மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். இலையெல்லாம் போய் வெறும் குச்சியாக நிற்கும் செடி திரும்பத் துளிர்க்க வேண்டும் என்றால் வேரில் சேமிப்பு இருக்க வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முன் அங்கொன்று இங்கொன்றாகச் சில செடிகளின் அடியைத் தோண்டி, பென்சில் தடிப்பு வேரை எடுத்து, குறுக்கே வெட்டி, வெட்டின முகத்தில் அயடீன் தடவுவார்கள். கருநீலமாக ஏறினால் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறாமல் மஞ்சளாகவே நின்றால் அந்த மலையில் கொழுந்து எடுப்பதைக் கொஞ்சநாள் நிறுத்தி ஓய விடுவார்கள். அவசரப்பட்டு வெட்டினால் கவ்வாத்துக் கத்தி எவ்வளவு நன்றாக விழுந்தாலும் செடி காய்ந்துவிடும். அப்பா சொன்னார், சில செடியில் மேலே இலை பச்சையாகத் தளதளவென்று நிற்குமாம், வேரை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காதாம்.

ஈரல் புற்றுநோயில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். நல்ல மார்பில் ஒரு புற்றுநோய் வரலாம். நல்ல ஈரலில் வருவது குறைவு. பல வருடம் அடிபட்டு, ஆறி, அடிபட்டு, ஆறி, தழும்பேறி இறுகிப்போன ஈரலில்தான் பெரும்பாலும் முளைக்கிறது. கட்டியை வெட்டி எடுத்தாலும் ஐந்து வருடத்துக்குள் 100-இல் 70 பேர் வரை திரும்ப வருகிறது. அந்தத் திரும்பி வருதலில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டி விட்டுப்போன விதை. அதற்குப் பிறகு வருவதோ அதே கெட்ட மண்ணில் புதிதாக முளைத்த வேறு கட்டி. ஹோஷிடாவின் 186 மரபணுக்கள் சொன்னது இந்த மண்ணைப் பற்றித்தான். நல்ல பக்கத்து மரபணுக்கள் ஈரல் தன் அன்றாட வேலையை ஒழுங்காகச் செய்வதைக் காட்டின. கெட்ட பக்கத்தில் அழற்சியின் சத்தம் நிரம்பியிருந்தது. 2013-இல் அதே 186-ஐக் கட்டியே இல்லாத 216 பேரில் பார்த்தார்கள், ஹெபடைட்டிஸ் சி என்ற வைரஸால் ஈரல் இறுகத் தொடங்கியவர்கள். அவர்களிலும் யாருடைய ஈரல் சீக்கிரம் மோசமாகும், யாருக்குப் புற்றுநோய் வரும் என்பதை அது பிரித்துக் காட்டியது.

கட்டியும் முழுக்க ஊமை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அதே 2013-இல் பிரான்சில் 314 கட்டிகளை அளந்து வெறும் 5 மரபணுக்களால் ஒரு மதிப்பெண் போட்டார்கள். அதில் ஒன்று கேஆர்டி19. பித்தக்குழாய்க் கலங்களில் இருக்க வேண்டிய அது ஈரல் கட்டியில் தலைகாட்டினால் கட்டி முரட்டுக் கட்டி என்று பொருள். விதை, மண் இரண்டும் சேர்ந்துதான் நாளைத் தீர்மானிக்கிறது. ஆனால் எல்லோரும் விதையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மண்ணைப் பாருங்கள் என்று சொன்னதற்காக அந்த 2008 கட்டுரையை நான் தலைக்கு மேல் வைக்கிறேன்.

இந்த ஆய்வுகள் வெட்டக்கூடிய கட்டி உள்ளவர்களிலும் கட்டி வருமுன் உள்ளவர்களிலும் செய்தவை. சி நிலைக்கு வந்துவிட்ட பெரியப்பாவின் நாளை இவற்றால் சொல்லியிருக்க முடியாது. எனக்கு வலிப்பது வேறொன்று. கட்டி தெரியவரும் முன் பத்துப் பதினைந்து வருடம் அந்த ஈரல் பேசிக்கொண்டே இருந்திருக்கும். யாரும் காது கொடுக்கவில்லை.

பெரியப்பா குடிக்க மாட்டார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் செத்த வீட்டிலேயே இரண்டு பேர் “ஈரல்னா சும்மா வருமா?” என்று பேசினார்கள். பெரியம்மா காதில் அது விழுந்தது. தோட்டத்தில் கசிப்புச் சாராயம் எத்தனை ஈரலைத் தின்றிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஈரல் புற்றுநோய்க்குக் குடி ஒன்றுதான் காரணம் என்பது தவறு. உலகத்தின் பல பக்கங்களில் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் பெரிய காரணம். இலங்கையில் அந்த வைரஸ்கள் குறைவு. இங்கே குடியோடு சேர்ந்து சீனி வருத்தமும் (நீரிழிவு) ஈரலில் கொழுப்புப் படிவதும்தான் முன்னால் நிற்கின்றன. பெரியப்பாவுக்குச் சீனி இருபது வருடம். காலையில் ரொட்டி, மத்தியானம் சோறு, ராத்திரிக்கும் சோறு, நாளுக்கு ஐந்தாறு தடவை சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ. மலையில் ஏறி இறங்கியவரை உடம்பு அதைத் தாங்கியது. ஐம்பத்தைந்தில் பென்சன் வாங்கி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்த பிறகும் சாப்பாடு மட்டும் மாறவில்லை.

2022-இல், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், இதை நானே செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. ஈரல் புற்றுநோயாளிகளின் மரபணு வெளிப்பாட்டுத் தரவு யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகைத் திட்டம் 2017-இல் 363 நோயாளிகளைப் பற்றி எழுதியது, அதன் மரபணு வெளிப்பாட்டுத் தரவு திறந்து கிடக்கிறது. சீனாவிலிருந்து வந்த ஒரு பெரிய தொகுதியும் உண்டு. ராத்திரி கரண்ட் வந்ததும் எழுந்து லெப்டொப்பைப் போட்டு இறக்குவேன். கணக்குப் போட உதவும் ஆர் என்ற கணினி மொழியைப் பேராதனையில் கற்றிருந்தேன். அமெரிக்கத் தரவில் நாளோடு ஒட்டி வரும் மரபணுக்களைப் பொறுக்கி, சேர்த்து, மதிப்பெண் போட்டு, நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, கப்லான் மெயர் கோட்டை வரைந்தேன்.

அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1958-இல் இருவர் சேர்ந்து கொடுத்த முறை அது. மேலே இடது மூலையில் எல்லோரும் உயிரோடு தொடங்குவார்கள். ஒருவர் போகும்போது கோடு ஒரு படி கீழே இறங்கும். நடுவில் எங்கே போனார் என்று தெரியாமல் போனவர்களுக்குப் படி இறங்காது, ஒரு சின்னக் குத்துக்கோடு மட்டும் போடுவார்கள். கொழும்புக்குப் போய்ச் செய்தியே இல்லாமல் போன எங்கள் லயத்துப் பையன்கள் மாதிரி. அந்தப் படிக்கட்டைப் பார்க்கும்போது ஒவ்வொரு படியும் ஒரு வீட்டின் ஒப்பாரி என்பது எனக்கு மறப்பதில்லை.

என் கோடுகள் அழகாகப் பிரிந்தன. ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் அகல இடைவெளி. சந்தோஷத்தில் அப்பாவை எழுப்பிக் காட்டினேன். அடுத்த வாரம் அதே மதிப்பெண்ணைச் சீனத் தரவில் போட்டபோது இரண்டு கோடும் பின்னிக்கொண்டன.

காரணம் கடினமானதில்லை. எண்பது வீடு உள்ள ஒரு லயத்தொகுதியில் போய் வீட்டுக்கு 20,000 கேள்வி கேட்டுப் பாருங்கள். கதவு என்ன நிறம், பூனை இருக்கிறதா, எந்தக் கிழமை துணி துவைப்பீர்கள். பிள்ளை சாதாரண தரம் பாஸான வீடுகளோடு கச்சிதமாகப் பொருந்துகிற ஐம்பது பதில் தற்செயலாகவே கிடைத்துவிடும். அதை வைத்துப் பக்கத்துத் தோட்டத்தில் கணித்தால் கவிழ்ந்துவிடும். மரபணு ஆய்வில் கேள்வி 20,000, ஆள் சில நூறு. இன்னும் ஒன்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு எதேச்சையாக இருபது மரபணுக்களை எடுத்தாலும் சில தடவை கோடு பிரிந்தது. மார்புப் புற்றுநோயில் இதை 2011-லேயே வெனேயும் கூட்டாளிகளும் காட்டியிருக்கிறார்கள்: எதேச்சையாகப் பொறுக்கிய மரபணுக் கூட்டங்களில் பெரும்பாலானவை நோயாளியின் முடிவோடு தொடர்பு காட்டின. வேகமாகப் பெருகும் கட்டியில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஒன்றாக எழும்புவதால் எதைத் தொட்டாலும் அந்த வேகம்தான் கையில் அகப்படுகிறது. வருடா வருடம் “ஈரல் புற்றுநோய்க்கு இத்தனை மரபணு மதிப்பெண்” என்று கட்டுரைகள் குவிகின்றன. ஒரே தரவை எடுத்து வெவ்வேறு விதமாகக் கிண்டியவைதான் நிறைய. வேறு ஊர் நோயாளிகளில் போட்டுப் பார்க்காத எதையும் நான் இப்போது நம்புவதில்லை.

அந்த வேறு ஊர் எது? இதில்தான் எனக்கு ஆற்றாமை. நான் இறக்கிய சீனத் தொகுதியில் பெரும்பாலானோருக்கு ஹெபடைட்டிஸ் பி. 2013-இன் 216 பேருக்கும் ஹெபடைட்டிஸ் சி. வைரஸ் அடித்த ஈரலும் சீனி அடித்த ஈரலும் ஒரே பாஷையா பேசும்? அப்பாவிடம் சொன்னபோது, “அந்தச் செக்ரோல்ல நம்ம பேரு இல்லியா?” என்றார். இல்லை அப்பா. எங்கள் மக்களின் ஈரலையும் சேர்த்து எண்ணும்வரை, அந்த மதிப்பெண்ணை எடுத்து எங்கள் மீது போடுவது பக்கத்துத் தோட்டத்துக் கணக்கில் எனக்குப் பேர் போடுவது மாதிரிதான்.

இன்னொரு தடையும் உண்டு. மார்புப் புற்றுநோயில் 21 மரபணுப் பரிசோதனை ஒன்று வெளிநாட்டுக் கிளினிக்குகளில் சாதாரணமாக நடக்கிறது. ஈரலில் அப்படி எதுவும் அன்றாட வழக்குக்கு வரவில்லை. ஈரல் இறுகியவரின் சீடி ஸ்கேனிலோ எம்ஆர்ஐயிலோ கட்டி அதன் தனி அடையாளத்தைக் காட்டிவிட்டால் ஊசி போட்டுத் தசை எடுக்கத் தேவையில்லை. இரத்தம் கசியும் ஆபத்து இருப்பதால் தேவையில்லாமல் எடுக்கவும் கூடாது. நோயாளிக்கு அது நல்லது. ஆனால் தசை இல்லாவிட்டால் எண்ண ஆர்என்ஏ ஏது?

அப்பாவுக்கும் சீனி. போன வருடம் வயிற்று ஸ்கேனில் கொழுப்பு ஈரல் என்று எழுதியிருந்தார்கள், இறுகவில்லை, சீனியையும் எடையையும் குறைக்கச் சொன்னார்கள். ஈரல் இறுகிப்போனவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பது விதி, கட்டியைச் சின்னதிலேயே பிடிக்க. எங்கள் தோட்டத்திலிருந்து அதற்கு ஒரு முழு நாள், ஒரு பேர் போகும். இறுகிய எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆபத்தில்லை. யாருடைய மண் உண்மையில் கெட்டிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தால் அந்தச் சிலரையாவது விடாமல் கூட்டிப் போகலாம். எனக்கு இந்த ஆய்வு வேண்டியிருப்பது இதற்காகத்தான். சாகும் தேதி சொல்ல இல்லை.

பெரியப்பாவின் ஸ்கேன் தெளிவாக இல்லாததால் அவருக்கு ஊசி போட்டுத் தசை எடுத்தார்கள். போன மாதம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்த ரிப்போட் கிடைத்தது. மேல் மூலையில் ஒரு எண், சரிவுக்கோடு போட்டு வருடம். புளொக்கின் எண் அது. அவருடைய புளொக்கை நான் பார்த்ததில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சிநேகிதி வேறொரு பழைய புளொக்கைக் காட்டியிருக்கிறாள். பெருவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு, அதில் பால் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு மண்ணிற நூல் ஒன்று. அவ்வளவுதான் ஊசி எடுக்கும் தசை. கூட்டின் சாய்வான விளிம்பில் பென்சிலால் எண்.

அப்பா ரிப்போட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதில் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது.

“நூலு மாதிரின்னு சொன்னியே, அதுல கட்டி மட்டுந்தான் இருக்குமா?”

இல்லை என்றேன். ஊசி நேராகக் கட்டியில் குத்துவதில்லை, இரத்தம் வராமல் இருக்கப் பக்கத்து ஈரல் வழியாகத்தான் போகும். அதனால் நூலின் ஒரு முனையில் கட்டி இருந்தால் மறு முனையில் சுற்றியிருந்த ஈரல் கொஞ்சமாவது இருக்கும்.

“வேரும் கொஞ்சம் வந்திருக்கும்கிற.”

“வந்திருக்கும்பா.”

தன் கிளினிக் கொப்பியை எடுத்து வரச் சொன்னார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, அண்ணன் பேரைப் போட்டு, அந்த எண்ணைப் பெரிதாக எழுதச் சொன்னார். எழுதினேன்.